காணாக்கடி: கடித்தது எது என்று ஏன் யாரும் கேட்கவில்லை?



அந்த அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. பாலாற்றங்கரையில் ஒரு சேரி. பதினாறு வயதில் டேனரிக்குப் போனவர். அப்புறம் ஷூ கம்பெனியில் அடித்தோல் ஒட்டும் வேலை; அந்தப் பசையை அங்கே 'சொல்யூஷன்' என்பார்கள். இப்போது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஏழு வருடமாக அவருக்கு உடம்பு சரியில்லை. திடீரென்று உடம்பெல்லாம் அரிக்கும், தடித்துக்கொள்ளும், ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும். முகம் நெருப்பாய் எரியும். நெஞ்சு படபடக்கும். கூடவே வயிற்றைக் கலக்கிப் பேதியாகும். இரண்டு தடவை தெருவிலேயே மயங்கி விழுந்திருக்கிறார்.

போன மாதம் நாங்கள் இரண்டு பேர் அவரோடு மருத்துவமனைக்குப் போனோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. எந்த ஊர் ஓ.பி. வரிசையில் நின்றாலும் இதையே கேட்டிருப்பீர்கள். காலை ஏழரைக்குச் சீட்டு வாங்கி, பத்தே முக்காலுக்கு உள்ளே போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் மருத்துவர், இந்தப் பக்கம் ஸ்டூலில் அக்கா. அவர் கேட்ட முதல் கேள்வி: "டெய்லி குளிக்கிறீங்களாம்மா?" இரண்டாவது: "என்ன வேலை?" குப்பை வேலை என்றதும், "அப்புறம் அரிக்காம என்ன பண்ணும்?" நாங்கள் குறுக்கிட்டு மயக்கத்தையும் படபடப்பையும் பேதியையும் சொன்னோம். "டென்ஷன். எல்லாம் மனசுதான்." அவில் ஐந்து, டெக்சா ஊசி ஒன்று. எழுதி முடிக்க ஒன்றரை நிமிடம் ஆனது. அந்த ஒன்றரை நிமிடத்தில் அவர் அக்காவின் கையைத் தொடவே இல்லை.

வெளியே வந்து பழைய சீட்டுகளை எல்லாம் விரித்துப் பார்த்தோம். மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்தார். ஏழு வருடத்துச் சீட்டுகள். பெரும்பாலானவற்றில் அதே வரி: அரிப்பு, அவில், டெக்சா. இரண்டில் சொறி மருந்து. அந்த மருந்தைக் குடும்பமே கழுத்திலிருந்து கால் வரை பூசிக்கொண்டு உட்கார்ந்ததாம், தெருவே சிரித்ததாம். ஒரே ஒரு சீட்டில்கூட 'தொழில்' என்று ஒரு வார்த்தை இல்லை.

திடீரென்று தடித்து அமுங்குவதற்கு நம் ஊர்களில் காணாக்கடி என்று பெயர். கடித்தது எது என்று கண்ணுக்குத் தெரியாததால் அந்தப் பெயர். வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுப்பார்கள். நம் பாட்டிமார் அறிவியல் படிக்கவில்லை, ஆனாலும் ஏதோ ஒன்று கடித்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். எம்.பி.பி.எஸ். படித்தவர் ஒன்றுமே கடிக்கவில்லை, எல்லாம் உன் மனசு என்கிறார். யார் கிட்டத்தட்ட உண்மையைச் சொன்னார்கள் என்பதைப் பார்ப்போம்.

நம் தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் ரத்தக்குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல் என்று ஒரு வகைச் செல் இருக்கிறது. பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் 1878-இல், இருபத்து நான்கு வயதில், தன் ஆய்வேட்டில் அதற்குப் பெயர் வைத்தார். உள்ளே மணி மணியாய் நிறைந்து உப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, நன்றாகத் தின்று கொழுத்த செல் என்ற பொருளில் வைத்த பெயர். உண்மையில் அது தீனிப் பை அல்ல, வெடிமருந்துப் பை. ஹிஸ்டமின், டிரிப்டேஸ் என்று பல ரசாயனங்கள் அந்த மணிகளுக்குள் இருக்கின்றன. ஒவ்வாத ஒன்று உள்ளே வந்தால் நொடிகளில் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடும். தோலில் கொட்டினால் அரிப்பும் தடிப்பும். குடலில் கொட்டினால் வலியும் பேதியும். ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கினால் படபடப்பு, மயக்கம். தனித்தனியாய்ப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஐந்து தொல்லைகள், ஒரே செல்லின் வேலையாக இருக்க முடியும்.

சிலருக்கு இந்தச் செல்களே அளவுக்கு மீறிப் பெருகிவிடுகின்றன, அது மாஸ்டோசைட்டோசிஸ். அரிதான நோய். சிலருக்கு எண்ணிக்கை சரியாக இருந்தும் சும்மா சும்மா கொட்டுகின்றன. அதற்கு மாஸ்ட் செல் ஆக்டிவேஷன் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்து, அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் 2016-இல் தனி எண்ணும் கொடுத்தார்கள். அந்த எண் சும்மா வரவில்லை. அங்கேயும் நோயாளிகளுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, 'உனக்குப் பதற்றம்' என்றுதான் வருடக்கணக்கில் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் விடவில்லை. டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தார்கள், சங்கம் வைத்தார்கள், எழுதினார்கள். எதற்கெடுத்தாலும் இந்தப் பெயரை ஒட்டுகிறார்கள் என்று இப்போது அங்கே மருத்துவர்களுக்குள் சண்டைகூட நடக்கிறது. நடக்கட்டும். சண்டை போடும் அளவுக்காவது அந்த நோயாளிகளின் உடம்பை மனித உடம்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவுக்கு இந்த நோய்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் மருத்துவர்கள் அல்ல. அது சாதாரண நாள்பட்ட காணாக்கடியாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வேலையில் பட்ட ரசாயனமாக இருக்கலாம், இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். எங்கள் கேள்வி வேறு. தேடிப் பார்த்துவிட்டு 'காரணம் தெரியவில்லை' என்று சொல்வது நேர்மை. தேடாமலே 'காரணம் ஒன்றுமில்லை' என்று சொல்வதற்கு என்ன பெயர்?

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மாஸ்டோசைட்டோசிஸின் ஒரு வகையில் தோலில் பழுப்புப் புள்ளிகள் வரும். அது அந்த நோய்தானா என்று பார்க்க முதல் சோதனைக்கு எந்திரமும் வேண்டாம், காசும் வேண்டாம். அந்தப் புள்ளியை விரலால் தேய்த்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். தடித்து எழும்பினால் சந்தேகம் உறுதிப்படும். தாரியே என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் தாரியே அறிகுறி என்கிறார்கள். கோடு கிழித்தால் தடிக்கிற வகைக் காணாக்கடியையும் இப்படித்தான், தோலில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

தொட வேண்டும். அவ்வளவுதான். தொட்டால் தெரிகிற நோய்கள் இவை. இந்த நாட்டில் யாரைத் தொடுவார்கள், யாரைத் தொட மாட்டார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் 1929-இல் கத்தியவாரில் நடந்த ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு தலித் ஆசிரியரின் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் உடம்பு மோசமானது. சேரிக்குள் வர மாட்டேன் என்றார் மருத்துவர். அந்த அம்மாவைச் சேரிக்கு வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெர்மாமீட்டரை மருத்துவர் ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார், அவர் கணவர் கையில், கணவர் மனைவியிடம். திரும்பவும் அதே வழியில் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போனார். அந்த அம்மா இறந்துபோனார். அந்த மருத்துவருக்கும் இரண்டு ரூபாய் பீஸ் போய்ச் சேர்ந்தது.

அது பழைய கதை என்பீர்கள். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவ ஊழியர்கள் எப்படி மருந்து கொடுக்கிறார்கள், தொடுகிறார்களா, எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று சங்கமித்ரா ஆச்சார்யா ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார். அதைத் தேடிப் படியுங்கள். தமிழ்நாடு பெரியார் மண், இங்கே அப்படி இல்லை என்று சொல்ல வருகிறவர்கள், ஒரு நாள் ஓ.பி.யில் எங்களோடு உட்கார்ந்து, யார் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறார்கள், யாரை ஸ்டூலிலிருந்தே அனுப்புகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

"ஒரு டாக்டர் காலையில் இருநூறு பேரைப் பார்க்கிறார், இதில் எங்கே சாதி வந்தது?" என்று ஒரு தோழரே எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நேரமில்லை என்பது உண்மை. அந்த மருத்துவருக்கும் போதிய ஆள் கொடுக்காத அரசைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் நேரம் குறையும்போது கை முதலில் யாரிடமிருந்து விலகுகிறது? 'குளிக்கிறீங்களா' என்ற கேள்வி நேரமின்மையிலிருந்து வருவதில்லை. ஊரையே சுத்தம் செய்துவிட்டு வருகிறவரிடம் சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்க அரை நிமிடம் கிடைக்கிறதே, அதே அரை நிமிடத்தில் 'கையில் என்னென்ன படுகிறது' என்று கேட்டிருக்கலாம்.

நிறத்தையும் சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகங்களில் தோல் நோய் என்றால் வெள்ளைத் தோலில் சிவப்பு. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. கருஞ்சிவப்பாக, சாம்பலாக, சில சமயம் வெறும் மேடாக இருக்கும். கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற கறுப்பின மருத்துவ மாணவர், கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்று பேராசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் ஒரு கையேடே கொண்டுவந்தார். பெரும்பாலான மக்கள் கறுப்பாகவும் பழுப்பாகவும் இருக்கிற நம் நாட்டில் அது ஒரு கல்லூரியின் அன்றாடப் பாடமாக இருந்திருக்க வேண்டும். "செவப்பா ஒண்ணும் காணோமே" என்று அக்காவிடம் சொன்னவரும் கறுப்புதான்.

இனி டேனரிக்கு வருவோம். அக்காவின் சீட்டில் எழுதப்படாத வார்த்தை அது.

தோல் பதனிட குரோமிய உப்பு. அது நீண்ட நாள் கையில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை நிலைத்துவிடும். இது மாஸ்ட் செல் வேலை அல்ல, வேறு வகைச் செல்களின் வேலை. மணிக்கணக்கில் அல்ல, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தோல் வெடித்துப் புண்ணாகும். அக்காவுக்கு விரலிடுக்குகளில் அதுவும் இருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பிரித்துப் பார்க்காமல் 'அரிப்பு' என்று ஒரே வார்த்தையில் முடிப்பது வசதி. யாருக்கு வசதி என்பதுதான் விஷயம்.

குரோமியத்தில் ஆறு இணைதிற வகை மிகக் கொடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் ஒரு சட்டம் வைத்திருக்கிறது: தோலில் படும் தோல் பொருட்களில் அந்த வகைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விற்கக் கூடாது. எதற்காக? ஷூ போடுகிறவரின் காலுக்கு ஒவ்வாமை வந்துவிடக் கூடாது என்பதற்காக. சிமெண்டுக்கும் அப்படித்தான், 2005 முதல் வரம்பு. அது கொத்தனார்களின் கைக்காக. மிக நல்ல சட்டங்கள், நாங்கள் வரவேற்கிறோம். ஐரோப்பாவில் ஷூ மாட்டும் காலின் அரிப்புக்கு ஒரு சட்டம். அந்த ஷூவைச் செய்த கையின் அரிப்புக்கு அவில் ஐந்து.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குரோமியப் புண்ணும், ரசாயனங்கள் நேரடியாகப் பட்டு வரும் தோல் அழற்சியும் அறிவிக்க வேண்டிய நோய்களாக இருந்தன. அப்படிப்பட்ட தொழிலாளியைப் பார்க்கிற எந்த மருத்துவரும் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தாமதமின்றி எழுத வேண்டும் என்றது 89-ஆம் பிரிவு. எழுதாவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் இருந்தது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும் குரோமியத்தால் வரும் நோய்கள் தொழில் நோய்ப் பட்டியலில் இருந்தன. ஆக, அக்காவின் சீட்டில் 'டேனரி' என்று ஒருவர் எழுதியிருந்தால் அது ஒரு வழக்காகியிருக்கும், இழப்பீடாகியிருக்கும், முதலாளிக்கு ஒரு நோட்டீஸாகியிருக்கும். 'மனசு' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் ஆகாது.

ராணிப்பேட்டையை 2006-இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக பிளாக்ஸ்மித் நிறுவனம் பட்டியலிட்டது. வேலூர் தோல் ஆலைக் கழிவு வழக்கில், மாசுபடுத்துகிறவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. அந்த வழக்கு ஆற்றையும் கிணற்றையும் நிலத்தையும் பற்றிப் பேசியது. தொட்டிக்குள் இறங்கி நின்ற கால்களின் கணக்கை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

குரோமிய ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு. முதுகில் மருந்து வைத்த பட்டையை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி நான்காம் நாள் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. ஏப்ரல் மாதத்தில் குப்பை வண்டி தள்ளுகிறவர் வேர்க்காமல் எப்படி இருப்பார்? ஒரே வாரத்தில் மூன்று தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரப் பஸ் காசு, மூன்று நாள் கூலி, மேஸ்திரியிடம் மூன்று நாள் ஏச்சு. மருந்து வாங்கக் காசில்லாததால் மட்டும் நம் மக்கள் நோயோடு இருப்பதில்லை. முதுகை நான்கு நாள் காய வைத்திருக்க முடியாததாலும் இருக்கிறார்கள்.

டிரிப்டேஸ் ரத்தச் சோதனையும் அப்படியே. தாக்குதல் வந்த நான்கு மணி நேரத்துக்குள் ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும், எல்லாம் அடங்கிய பின் இன்னொரு தடவை எடுத்து ஒப்பிட வேண்டும். தனியார் லேபில் சில ஆயிரம் ரூபாய். அக்கா மயங்கி விழுந்த இரண்டு தடவையும் சோடா வாங்கித் தெளித்து எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த டெக்சாவைப் பற்றியும் நம் தெருக்களில் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஊசி போட்டதும் சுகமாக இருக்கும், பொய்யில்லை. அது ஸ்டீராய்டு. மாதா மாதம் போட்டுக்கொண்டே இருந்தால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை வரும், முகம் உப்பும். உப்பிய முகத்தைப் பார்த்து 'சதை போட்டுட்டியே' என்று நாமே சந்தோஷப்படுகிறோம். அவில் தூக்க மருந்து மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு லாரி மேல் ஏறி நின்று குப்பை தள்ளச் சொல்கிறோம். அதே அரசு மருந்துக் கிடங்கில் இருக்கிற செட்ரிசின் தூக்கம் குறைவாகத் தரும். நாள்பட்ட காணாக்கடிக்கு அதைத் தினமும் விடாமல் கொடுத்து, போதவில்லையென்றால் மருத்துவரே பார்த்து அளவைக் கூட்டலாம் என்பது உலகம் முழுக்க இருக்கிற நெறிமுறை. ஐந்து மாத்திரையோடு அனுப்புவது எந்த நெறிமுறையிலும் இல்லை. (ஒரு எச்சரிக்கை: வருடக்கணக்கில் டெக்சா போட்டவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.)

நூறு நாள் வேலையில் புதர் வெட்டும்போது கதண்டு கொட்டிச் செத்தார்கள் என்று செய்தி வருகிறதே, அதுவும் இதே மாஸ்ட் செல்கள் ஒரேயடியாகக் கொட்டுவதால் நேரலாம். அதற்கு உடனே கொடுக்க வேண்டியது தொடையில் அட்ரினலின் ஊசி. விலை மிகக் குறைவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. முதலில் அவிலும் டெக்சாவும் போட்டு நேரத்தை ஓட்டினால் உயிர் போகும். பிழைத்தவர்களிடம், இதற்கு முன் இப்படி மயங்கியதுண்டா என்று கேட்டு மேல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மாஸ்டோசைட்டோசிஸ் உள்ளவர்களுக்குக் குளவிக் கொட்டு எமனாகும் என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்ததுதான். நம் மரணங்களில் எத்தனை 'பூச்சிக்கடி' என்றும் 'திடீர் மாரடைப்பு' என்றும் எழுதி மூடப்பட்டன?

ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் மேல்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்றது. அந்தப் பதினான்கரை வருடத்தைச் சோறும் தண்ணீரும் கக்கூஸும் மட்டும் தின்றுவிடவில்லை. ஒன்றரை நிமிட ஓ.பி.களும் சேர்ந்தே தின்றிருக்கின்றன.

எங்கள் கோரிக்கை பெரிதொன்றுமில்லை. ஓ.பி. சீட்டில் வயது, பெயருக்குப் பக்கத்தில் தொழில், எத்தனை வருடம் என்று இரண்டு கட்டம் அச்சடியுங்கள். தோல் ஆலை வட்டாரங்களிலும் தூய்மைப் பணியாளர்களிடையேயும் ஒட்டுச் சோதனையை அவர்கள் இருக்கிற இடத்துக்கே கொண்டுவாருங்கள், அந்த நான்கு நாளுக்கும் கூலியோடு விடுப்புக் கொடுங்கள். சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற அரசுக்கு இது முடியாத காரியமில்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அட்ரினலினும், அதைத் தயங்காமல் போடத் தெரிந்த கையும் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டை கொடுக்காத ஒப்பந்ததாரரின் பில்லை நிறுத்துங்கள்.

நாமும் ஒன்று செய்யலாம். வீட்டில் மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருக்கிற பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் தடித்தது, அன்று கையில் என்ன பட்டது, என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தடித்திருக்கும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் அமுங்கிவிடும். மயக்கம் வந்தால் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அக்காவின் நோட்டை அவர் மகள் எழுதுகிறாள், பிளஸ் டூ படிக்கிறாள். மூன்று வாரத்தில் ஒன்பது பக்கம். ஒன்பதில் ஆறு நாள் பிளீச்சிங் பவுடர் தூவிய நாள் என்று அவள்தான் கண்டுபிடித்து அடிக்கோடு போட்டிருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே ஓ.பி.க்குப் போகிறோம். இந்தத் தடவை நாங்கள் ஐந்து பேர்.